மார்கழிப் பனியில் சித்திரைத் தோட்டம்

தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

மழை விட்டுப் பனி பிடித்த நாளிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிட்டது. ஐப்பசியில் “வேர் அழுகுகிறது, என்ன செய்யலாம்?” என்று கேட்டவர்கள், இப்போது “போன சித்திரையில் என் தோட்டம் எப்படி இருந்தது தெரியுமா?” என்று தொடங்குகிறார்கள். கோடை வந்தால் “வெயில் நூறைத் தாண்டியது” என்ற நாளிதழ்ச் செய்தியில் தவறாமல் இடம்பெறும் ஊர் வேலூர். அந்த வெயிலில் வெந்தவர்களே மார்கழி விடியலில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கோடைத் தோட்டத்தை நினைத்து மகிழ்கிறார்கள் என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை, ஏனென்றால் நானும் அதையே செய்கிறேன். இம்மாதம் அத்தகைய கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

காட்பாடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்: மாடியில் ஒன்பது தொட்டிகளில் குண்டுமல்லி வைத்திருக்கிறேன். கார்த்திகை பாதியிலிருந்து ஒரு மொக்குகூட இல்லை. காலையில் காபி டம்ளரோடு அந்தச் செடிகளுக்கு எதிரே உட்கார்ந்து, போன வைகாசியில் மடி நிறையப் பறித்ததை நினைத்துக்கொண்டிருப்பேன். “வேலையற்ற வேலை, அத்தை” என்கிறாள் மருமகள். இப்படி நினைத்து மகிழ்வதால் பயன் ஏதும் உண்டா?

உண்டு, அம்மா. நினைக்கும்போது கையில் கவாத்துக் கத்தரியும் இருந்தால் பயன் இரட்டிப்பாகும்.

குண்டுமல்லி புதிதாகத் துளிர்க்கும் கிளைகளில்தான் மொக்கு வைக்கும். வெப்பம் ஏற ஏறத் துளிர் வேகமாக வருவதால், பங்குனியில் தொடங்கி ஆனி வரைக்கும் பூத்துக் கொட்டுகிறது. இரவு குளிர்ந்துவிட்டால் துளிர் நின்றுபோகிறது, அதோடு மொக்கும் நின்றுபோகிறது. மார்கழி, தை மாதங்களில் பூக்காரம்மாவிடம் ஒரு முழம் மல்லிகை கேட்டால் விலை நெஞ்சை அடைப்பதற்கும் இதுவே காரணம். ஆகவே உங்கள் ஒன்பது தொட்டிகளுக்கும் நோய் ஏதும் இல்லை; அவை ஓய்வில் இருக்கின்றன. அடுத்த கோடையில் எத்தனை மொக்கு வரும் என்பது இந்த ஓய்வுக் காலத்தில் நீங்கள் செய்யும் கவாத்தைப் பொறுத்தது. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரமும் முல்லைக்கு ஜனவரி கடைசி வாரமும் உரிய காலம்; அவற்றுக்கு 45 செ.மீ. போதும். தொட்டிச் செடிக்கு அங்குலக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பூவை அளக்கும் அதே முழத்தால், மண்ணிலிருந்து ஒரு முழம் விட்டு வெட்டிவிடுங்கள். இன்னும் வெட்டவில்லை என்றால் இந்த வாரமே வெட்டுங்கள். நாள் தள்ளினால் பூவும் தள்ளிப்போகும். வெட்டிய பிறகு மேல்மண்ணைக் கிளறி இரண்டு மூன்று நாள் வெயில் காட்டி, மக்கிய தொழுவுரம் இரண்டு கைப்பிடி போட்டுத் தண்ணீர் விடுங்கள்.

நினைவுக்கு இதில் என்ன வேலை என்று மருமகள் கேட்பார். எங்கள் வேலப்பாடி வீட்டின் கிணற்றடியில் ஒரு குண்டுமல்லிப் புதர் இருந்தது. கத்திரி வெயில் நாட்களில் பொழுது சாயத் தொடங்கியதும் என் ஆயா ஈரத்துணி விரித்த பித்தளைத் தாம்பாளத்தோடு அங்கே போவார். பறித்த நேரத்தில் மொக்குகள் கெட்டியாக, காம்புப் பக்கம் இளம்பச்சை ஓடி, வாசனை என்று சொல்லும்படி ஏதும் இல்லாமல் இருக்கும். நாங்கள் முற்றத்தில் தண்ணீர் தெளித்துக் கோரைப்பாய் விரித்து, விளக்கு வைத்து, சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் வேளையில் தாம்பாளத்தின் பக்கமிருந்து முதல் மணம் வரும். திரும்பிப் பார்த்தால் மேலாக இருக்கும் நாலைந்து மொக்குகள் மட்டும் நெகிழ்ந்திருக்கும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் தாம்பாளம் முழுவதும் வெளுத்து, ஈரத்துணியே தெரியாமல் போயிருக்கும். அதே ஆயா மார்கழியில் கவாத்து செய்வதற்கு முன் புதரைச் சுற்றி ஒருமுறை நடப்பார். “மேற்குப் பக்கத்துக் கிளைதான் சித்திரை முழுக்கப் பூத்தது, சுவரோரம் இருப்பது சும்மா இலை கட்டியது” என்று சொல்லிக்கொண்டே, சுவரோரக் கிளைகளை அடியோடும் மேற்குக் கிளைகளை அளவாகவும் வெட்டுவார். பூவே இல்லாத கிளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு எது பூத்தது, எது பூக்கவில்லை என்று சொல்வதற்கு, அவர் கோடையை அத்தனை துல்லியமாக நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது. காபி டம்ளரோடு நீங்கள் உட்கார்ந்திருக்கும் நேரமும் அத்தகையதே. ஒன்பது தொட்டிகளில் மடி நிறைத்தவை எவை என்று நினைத்துப் பாருங்கள். பூக்காத தொட்டி நிழலில் இருந்ததா, வேர் நிறைந்து இறுகிப்போனதா என்பது இப்போது புரிந்தால், மாற்றுத் தொட்டிக்கு இதுவே நேரம்.

ஆற்காடு வாசகர் ஒருவர்: பனிக்காலத்திலும் பூ இருக்கிறது, காய் இருக்கிறது. கண் முன்னால் இருப்பதை விட்டுவிட்டுக் கோடைத் தோட்டத்துக்கு ஏங்குவது தேவையா?

ஏக்கம் தேவையில்லை என்பதில் உங்களோடு முழுதும் உடன்படுகிறேன். டிசம்பர் பூ ஊதாவிலும் வெள்ளையிலும் வரி ஓடிய இளஞ்சிவப்பிலும் பூத்திருக்கும் இந்நாட்களில், மணம் இல்லை என்பதற்காக அதை ஒதுக்குவது நியாயமாகாது. சாமந்தி பகல் குறுகினால்தான் மொட்டு வைக்கும். பந்தல் அவரையும் மொச்சையும் அப்படியே. நம் பக்கத்தில் மொச்சையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்யும் பிதுக்கம்பருப்புக் குழம்பின் மணத்துக்கு ஈடாகக் கோடைக் காய் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. பனி இறங்கினால்தான் மொச்சைக்கு வாசம் வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

ஆனாலும் ஒன்றைப் பாருங்கள். இப்போது மாமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கிளை நுனிகளில் பூங்கொத்து எட்டிப் பார்க்கும். குளிர்ந்த, வறண்ட இரவுகள்தான் மாமரத்தைப் பூக்கத் தூண்டுகின்றன. அந்தப் பூவைப் பார்க்கும் எவருக்கும் வருடப்பிறப்பன்று வேப்பம்பூவும் வெல்லமும் சேர்ந்த மாங்காய்ப் பச்சடி நினைவுக்கு வராமல் இருக்காது. கண் முன்னால் இருப்பதைப் பார்ப்பதும் கோடையை நினைப்பதும் அந்த மரத்தடியில் ஒன்றாகிவிடுகின்றன. (பூங்கொத்தில் தத்துப்பூச்சி தென்பட்டால் காலம் தாழ்த்தாமல் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள், பூ உதிர்ந்த பிறகு வருந்திப் பயனில்லை.)

வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு வாசகி: எல்லோரும் கோடைத் தோட்டத்தை மகிழ்ச்சியாக நினைக்கிறார்கள். போன கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் இருந்த என் இருபது தொட்டிகளில் பதினான்கு கருகிவிட்டன. எனக்கு அதை நினைத்தாலே மனம் கனக்கிறது. மறுபடி தோட்டம் போடலாமா என்றே தெரியவில்லை.

போடுங்கள், அம்மா. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கருகிய பதினான்கையும் பெயர் பெயராக எழுதியிருக்கிறீர்கள்: தக்காளி, ரோஜா, கறிவேப்பிலை, புதினா என்று. பிழைத்த ஆறு எவை என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. அந்த ஆறும் மே மாத வேலூர்ச் சீமை வெயிலைத் தாங்கி நின்றவை. அவை எவை, மாடியின் எந்த மூலையில் இருந்தன, எந்தத் தொட்டியில் இருந்தன என்று முதலில் எழுதுங்கள். கோடையை நினைப்பதில் மகிழ்ச்சி வேண்டும் என்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெரும்பாலும் அவை கிழக்குப் பக்கக் கைப்பிடிச் சுவரை ஒட்டியோ, படிக்கட்டு அறையின் நிழல் விழும் இடத்திலோ இருந்திருக்கும். செடியைக் கொல்வது தலைக்கு மேல் அடிக்கும் வெயில் மட்டும் அன்று, தளத்தின் சூடும்தான். காலையிலிருந்து வெந்த கான்கிரீட் தளம் இரவு வெகுநேரம் வரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. அதன் மேல் நேராக வைத்த கருப்புப் பிளாஸ்டிக் பையில் வேர் அவிந்துபோகிறது. இலை வாடுவதைக் கண்டு மதியத்தில் தண்ணீர் விடுகிறோம். மாடிக் குழாயில் அந்த நேரத்தில் முதலில் வருவது வெந்நீர். ஒரு சித்திரையில் நானே வெண்டை நாற்றுகளுக்கு அப்படித் தண்ணீர் விட்டுவிட்டு, மாலையில் அவை தண்டோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தேன். அன்று முதல் குழாய் நீரைப் புறங்கையில் பிடித்துப் பார்க்காமல் செடிக்கு விடுவதில்லை.

இந்தப் பனிக்காலத்தில் செய்ய வேண்டியவை இருக்கின்றன. தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் இரண்டு செங்கல் வைத்து, காற்று ஓடும்படி உயர்த்துங்கள். பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை நிழல்வலைக்குக் கம்பம் நடுவதை மே மாதத்தில் வைத்துக்கொண்டால் நீங்கள்தான் வாடிப்போவீர்கள்; குளிர்ந்த இந்நாட்களில் செய்து முடியுங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது பந்தல். தைப்பட்டத்தில் பெரிய தொட்டிகளில் பீர்க்கனோ புடலையோ ஊன்றி மேற்குப் பக்கமாகப் படரவிட்டால், வெயில் முற்றுவதற்குள் கொடி பந்தலை மூடிவிடும். அதன் அடியில் புதினாவும் கறிவேப்பிலையும் பிழைத்துக்கொள்ளும். வெளி வரிசையில் நித்தியகல்யாணி, அரளி, காகிதப்பூ, டேபிள் ரோஸ் என்று நாம் சொல்லும் பத்துமணிப் பூ ஆகியவற்றை வையுங்கள். பத்துமணிப் பூவுக்கு வெயில் ஏறினால்தான் இதழே விரியும். தக்காளியைக் கத்திரி வெயிலில் காய்க்க வைக்கப் போராடாதீர்கள். அந்தச் சூட்டில் மகரந்தம் பயனற்றுப்போய்ப் பூ உதிர்ந்துவிடும். அது உங்கள் பிழையே அன்று.

டொராண்டோவில் மகள் வீட்டில் இருக்கும் குடியாத்தம் வாசகி: பேறுகாலத்துக்காக மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன், பங்குனி வரை இங்கேதான். வீட்டின் பின்புறத் தோட்டம் வெண்பனிக்கு அடியில் கிடக்கிறது. மகள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கைபேசியில் ஆகஸ்ட் மாதத் தக்காளிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். “அடுத்த வருஷம் அவரையாவது காய்க்குமா, அம்மா?” என்கிறாள். இவ்வாண்டு அவரைக்கொடி வேலி முழுவதும் படர்ந்தும், செப்டம்பர் கடைசியில்தான் பூத்தது; காய் பிடிப்பதற்குள் உறைபனியில் கருகிவிட்டது. அவளுக்கு ஆறுதலாக என்ன சொல்லலாம்?

முதலில் பேரப்பிள்ளைக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

நம் ஊரில் ‘பனி’ என்றால் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும், பாலாற்றங்கரையில் ஏழு மணி வரை நிற்கும் புகைமூட்டமும்தான். வேலூர்க் குளிர் கம்பளிக் குல்லாவோடு முடிந்துவிடும். செடி எதுவும் அதனால் சாவதில்லை. நீங்கள் இப்போது இருக்கும் ஊரில் தோட்டம் என்பது மே முதல் அக்டோபர் வரை நடக்கும் ஒரு திருவிழா; அதன் பிறகு அடுத்த கொடியேற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் அந்நாட்டுத் தோட்டக்காரர்கள் கோடை நினைவைப் போற்றும் வழிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுவைத்திருக்கிறார்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் விதைக் கம்பெனிகள் படங்கள் நிறைந்த விலைப்பட்டியல் வெளியிடும். வெளியே வெண்பனி கொட்டும்போது அடுப்பருகே அமர்ந்து, போன கோடையில் எந்தத் தக்காளி இனித்தது, எது வெடித்தது என்று பேசிப் பேசி அதில் குறியிடுவது அங்கே குளிர்கால இன்பங்களில் ஒன்று. மகளுக்கு ஒரு பட்டியலை வரவழைத்துக் கொடுங்கள். படத்தைத் தள்ளிப் பார்ப்பது வெறும் ஏக்கமாக நின்றுவிடும். பென்சிலால் குறியிட்டால் அது வேலையாகிவிடும்.

அவரைக்கு வருகிறேன், ஏனெனில் மகளின் கேள்விக்கு உண்மையான பதில் இருக்கிறது. நம் பந்தல் அவரை பகல் குறுகும்போது பூக்கும் இனம். வேலூர் 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், இங்கே ஜூனில் பகல் 13 மணி நேரத்தைத் தொடாது, டிசம்பரில் 11 மணி நேரத்துக்குக் கீழே போகாது. டொராண்டோ ஏறத்தாழ 44 டிகிரியில் இருக்கிறது. அங்கே ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்துக்கு மேல், டிசம்பரில் சுமார் 9 மணி நேரம். நம் ஊரிலிருந்து போன விதை அங்கே கோடை முழுவதும் ‘இன்னும் பூக்கும் காலம் வரவில்லை’ என்று இலை விட்டுக்கொண்டே காத்திருந்தது. செப்டம்பர் பிற்பகுதியில் பகல் 12 மணி நேரத்துக்கு இறங்கியதும் பூத்தது. அதற்குள் உறைபனி வந்துவிட்டது. உங்கள் மகள் ஒரு தவறும் செய்யவில்லை. பகலின் நீளத்தைப் பாராமல் பூக்கும் செடி அவரை, அதாவது நாம் குத்து அவரை என்பது, அங்கே ஜூலை, ஆகஸ்டிலேயே காய்க்கும். அந்நாட்டு விதைக் கடைகளிலேயே தேடச் சொல்லுங்கள். ஊரிலிருந்து விதை கொண்டுபோவதாக இருந்தால் அந்நாட்டு விதிகளைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். தக்காளியை மார்ச் கடைசியில் சன்னலோரம் நாற்று விட்டு, மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை வரும் விக்டோரியா நாள் விடுமுறைக்குப் பிறகு வெளியே நடுவது அவ்வூர் வழக்கம். நீங்கள் ஊர் திரும்புவதற்கு முன் அந்த நாற்றுத்தட்டை உங்கள் கையாலேயே விதைத்துவிட்டு வரலாம்.

வெண்பனிக்கு அடியில் தோட்டம் செத்துக் கிடக்கிறது என்றும் எண்ண வேண்டாம். கொட்டிய வெண்பனி, மண்ணுக்குக் கம்பளி போலிருந்து, மேலே அடிக்கும் கடுங்குளிர் உள்ளே இறங்காமல் காக்கிறது. அக்டோபரில் ஊன்றிய பூண்டு அதற்கு அடியில் வேர்விட்டு உறங்கும்; அந்தக் குளிரைப் பட்டால்தான் ஜூலையில் பல் பல்லாகப் பிரியும். துலிப் கிழங்கும் குளிரைக் குடித்த பிறகே பூக்கும். சன்னலோரத்துக் கறிவேப்பிலை இலையுதிர்த்து மொட்டையாக நின்றால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தண்ணீரைக் குறைத்துவிடுங்கள், பகல் நீளும்போது பெரும்பாலும் துளிர்த்துவிடும்.

கடைசியாக ஒன்று. உங்கள் பெட்டியில் மோர் மிளகாயும் கொத்தவரங்காய் வத்தலும் உலர்த்திய வேப்பம்பூவும் கட்டாயம் இருக்கும்; குடியாத்தத்திலிருந்து மகள் வீட்டுக்குப் போகும் எந்தத் தாயும் அவை இல்லாமல் போகமாட்டார். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வேட்டி விரித்துக் காயவைத்த அதே காய், அதே பூ. வெண்பனி கொட்டும் ஒரு மாலையில் வேப்பம்பூ ரசம் வைத்து, கொத்தவரங்காய் வத்தலை எண்ணெயில் போடுங்கள். அது பொரியும் மணத்தில் மகளுக்கு வீட்டு மாடி நினைவு வரும். நீங்கள் தனியாக ஆறுதல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

அரக்கோணம் வாசகர்: கோடைத் தோட்டத்தை நினைவில் வைக்கக் கைபேசிப் படம் போதுமா, குறிப்பேடு எழுத வேண்டுமா?

குறிப்பேடுதான். படத்தில் மணம் இல்லை, மண்ணின் ஈரம் இல்லை, அன்று எத்தனை மணிக்குத் தண்ணீர் விட்டீர்கள் என்பதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் படமெடுப்பது பூத்ததை மட்டுமே. பட்டுப்போனதை எவரும் படமெடுப்பதில்லை. நாள்காட்டித் தாளின் பின்புறம் நாளொன்றுக்கு இரண்டு வரி எழுதினாலும் போதும். “பங்குனி 20. பாகலில் முதல் பெண்பூ. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான்கு கத்தரிக்காய் கொடுத்தேன். வடக்கு மூலைச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி.” இந்த மூன்று வரியை மார்கழியில் படித்துப் பாருங்கள், அந்தக் காலைப்பொழுது முழுவதும் திரும்பி வந்து நிற்கும்.

அணைக்கட்டு வட்டாரத்திலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர்: என் தாத்தா ஐப்பசியில் காலமானார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டுப் பாத்தியில் ஆண்டுதோறும் முள் கத்தரி வைப்பார். போன கோடையில் விடியலில் அவர் வாய்க்காலை மடைமாற்றித் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்ததை இந்தப் பனியில் வெறும் பாத்தியைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்கிறேன். பரணில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாம்பலோடு கலந்த விதை கிடைத்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் “சித்திரை – கெணத்துமேட்டுச் செடி” என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது. இதை விதைக்கவா, அவர் நினைவாக வைத்துக்கொள்ளவா?

தம்பி, விதையுங்கள். ஆனால் முழுவதையும் அல்ல.

உங்கள் தாத்தா வைத்துவிட்டுப் போனது சாதாரணக் கத்தரி அல்ல. இலவம்பாடி முள் கத்தரி என்று நாம் சொல்லும் வேலூர் முள் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தண்டிலும் இலையிலும் காயின் காம்பிலும் முள் இருக்கும். பறிக்கும் கை கீறாமல் தப்பாது. அந்தப் பெயர் கிடைப்பதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, எந்தச் செடியின் காயை விதைக்கு விடுவது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த உங்கள் தாத்தாவைப் போன்றவர்கள்தான் அந்த ரகத்தைக் காத்தவர்கள். துண்டுச் சீட்டில் அவர் எழுதியிருப்பது அந்தத் தேர்வைத்தான். பாத்தியில் இருந்த அத்தனை செடிகளில் கிணற்றுமேட்டை ஒட்டிய ஒன்றைக் கோடை முழுவதும் கவனித்து, அதன் காயைப் பறிக்காமல் செடியிலேயே பழுக்க விட்டிருக்கிறார்.

நன்றாக உலர்த்திச் சாம்பலில் போட்ட கத்தரி விதை மூன்று நான்கு ஆண்டுகள் வரை முளைக்கும். முதலில் பத்து விதைகளை எண்ணி எடுத்து, ஈரத்துணியில் முடிந்து, அடுப்பங்கரையில் கதகதப்பான இடத்தில் வையுங்கள். பனிக்கால இரவுகளில் வெளியே வைத்தால் முளைப்பு தாமதமாகும். பத்து நாளில் ஆறு ஏழு முளைத்தால் விதை நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். பாதி விதையைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டு, மீதியைப் பொங்கல் கழித்து நாற்றங்காலில் தூவுங்கள். 35 முதல் 40 நாளில் நாற்று நடும் பருவத்துக்கு வரும், அதாவது மாசியில் மேட்டுப் பாத்திக்குப் போய்விடும். நட்டு இரண்டு மாதத்துக்குள் முதல் காய் பறிக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், அது சித்திரையில் வந்து நிற்கும். சீட்டில் தாத்தா எழுதிய மாதமும் அதுதான்.

வெறும் பாத்தியைப் பார்த்து அழுகை வந்தால் அழுங்கள், அதில் தவறில்லை. ஆனால் அவர் தண்ணீர் பாய்ச்சிய காட்சியை நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் கூர்ந்து நினைத்துப் பாருங்கள். மடையை எந்தப் பக்கத்திலிருந்து திறந்தார்? ஒரு பாத்தி நிரம்ப எவ்வளவு நேரம் விட்டார்? காயைக் கையால் திருகினாரா, கத்தியால் காம்போடு அறுத்தாரா? இவற்றை எந்த வேளாண் நூலிலும் நீங்கள் படிக்க முடியாது. உங்கள் கண்ணில் மட்டுமே இருக்கின்றன. ஆயாவும் அம்மாவும் பார்த்தவற்றையும் இந்தக் குளிர் இரவுகளில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்கத் தொடங்கினால் வீட்டில் எல்லோருமே பேசுவார்கள். இடையில் சிரிக்கவும் செய்வார்கள்.

காய்க்கத் தொடங்கிய பிறகு, பூச்சி அரிக்காத, நோயில்லாத ஒரு செடியைத் தேர்ந்து அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டுங்கள். அதில் முதல் பறிப்புக்குப் பிறகு வரும் நல்ல காய்கள் இரண்டு மூன்றை மஞ்சளாகப் பழுக்கும் வரை விட்டுவிடுங்கள். வேறு கத்தரி ரகம் எதையும் அருகில் வைக்காதீர்கள். தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். பழுத்த காயைப் பிளந்து விதையைத் தண்ணீரில் அலசி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்குவதை நிழலில் உலர்த்துங்கள். பிறகு புதிய சாம்பலோடு அதே பாட்டிலில் போட்டு, தாத்தாவின் சீட்டை எடுக்காமல், அதன் அருகிலேயே உங்கள் கையெழுத்தில் இன்னொரு சீட்டும் வையுங்கள். மாதமும், எந்த இடத்துச் செடி என்பதும் இருந்தால் போதும்.